ஆயாவையும் கூட்டிக்கொண்டு பீட்சா கடைக்கு

முதல்முறை போனபோது நாங்கள் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மாமனார், மாமியார், வீட்டுக்காரர், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், பிள்ளைகள் இரண்டு பேர், நான். மொத்தம் ஏழு பேர். மேசை பளபளவென்று இருந்தது, ஏசி குளிர்ந்தது, ஆள் மட்டும் வரவில்லை. "தண்ணியாவது கொண்டுவந்து வைக்கக் கூடாதா இவங்க?" என்று அத்தை என் காதோரம் கேட்டார். பக்கத்து மேசைக் கல்லூரிப் பையன்கள் கவுண்டரில் பணம் கட்டிவிட்டு, நம்பர் வந்ததும் தாங்களே எழுந்துபோய்த் தட்டைத் தூக்கி வந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

அன்றைக்குச் செய்த தப்புகள் அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து முறை போய்வந்தாயிற்று. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக் குடும்பங்கள் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு முதன்முதலாகப் பெரிய பீட்சா கடைக்குப் போவதென்றால் எப்படிப் போகலாம் என்று, பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே பேசி முடிக்க வேண்டியது

"பீட்சா சாப்பிடப் போறோம்" என்று மட்டும் சொன்னால் பெரியவர்கள் மனதில் வருவது ஓட்டல் சாப்பாடுதான். சோறு இல்லாவிட்டாலும் பரோட்டாவாவது இருக்கும், தொட்டுக்கொள்ளக் குழம்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் செருப்பை மாட்டுவார்கள். அங்கே போய் ஓர் அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினால் முகம் வாடிப்போகும். அதனால் அது என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈஸ்ட் போட்டு உப்ப வைத்த மைதா மாவைத் தட்டி, தக்காளிச் சாஸ் தடவி, சீஸ் தூவி, காயோ கறியோ பரப்பி ஓவனில் சுட்டது. அத்தைக்கு நான் சொன்ன கணக்கு இது: "நம்ம அடை மாதிரிதான் அத்தை, காயெல்லாம் மாவுக்குள்ள போகாம மேலேயே உட்கார்ந்திருக்கும்."

இரண்டாவது, பசியோடு கூட்டிப் போகாதீர்கள். மதியம் வழக்கம்போலக் களியும் கீரைக் கடைசலும் ஆகட்டும். பீட்சாவைச் சாயங்காலப் பலகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு வீட்டில் ஒரு ரசமும் கொஞ்சம் சோறும் இருந்துவிட்டால் போதும். நாங்கள் முதல்முறை இதைச் செய்யவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பியதும் அத்தை நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். என்ன என்று கேட்டதற்கு, "வாய்க்குச் சாப்பிட்டேன், வயித்துக்குச் சாப்பிடல" என்றார்.

சர்க்கரை இருப்பவர்கள் வீட்டில் உண்டென்றால் எத்தனை துண்டு என்பதையும் புறப்படும் முன்பே முடிவு பண்ணிவிடுங்கள். மைதா, சீஸ், கூடவே இனிப்புப் பானம் என்று சேர்ந்துவிடும். என் மாமனாருக்கு இரண்டு துண்டு, கூல்டிரிங்க்ஸ் கிடையாது என்று வீட்டிலேயே ஒப்பந்தம். கடையில் நாலு பேர் முன்னால் கையைப் பிடித்துத் தடுப்பது நன்றாக இருக்காது.

எந்த நாள், எந்த நேரம்

ஞாயிறு இரவு ஏழு முதல் ஒன்பது வரை போகவே போகாதீர்கள். ஊரில் பாதிப் பேருக்கு அப்போதுதான் பீட்சா ஞாபகம் வரும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களுக்குச் சுடுவதோடு, வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய பார்சல்களும் ஒரே ஓவனில் வரிசையில் நிற்கும். வார நாள் சாயங்காலம் நாலரை, ஐந்து மணி என்றால் உட்கார இடமும் கிடைக்கும், கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளும் இருப்பார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த இரண்டாவதுதான் முக்கியம்.

காரில் வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தையும் தள்ளிப்போடலாம். பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் ஊருக்குப் போகிற கூட்டம் முழுக்க 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் இறங்கும் நேரம் அது. கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் எங்கள் வீட்டில் போக்குவரத்துச் செலவு பாதிக்கும் கீழேதான்.

கே.ஆர்.பி. அணைக்குப் போய்விட்டு அப்படியே பீட்சா கடைக்கும் போகலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். பூங்காவைச் சுற்றிவிட்டு வருவதென்றால் நல்ல திட்டம்தான், பிள்ளைகளுக்கு நன்றாகப் பசிக்கும். ஆனால் அணைப் பக்கம் மீன் வறுக்கும் வாசனையைத் தாண்டி வர உங்களால் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு மீன் உள்ளே போய்விட்டால் அப்புறம் பீட்சாவாவது ஒன்றாவது.

புரட்டாசியில் போவதென்றால் வீட்டில் விரதம் இருப்பவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கடைகளில் சைவமும் அசைவமும் ஒரே ஓவனில்தான் வேகும். "அதனால என்ன" என்பவர்களும் உண்டு, அது ஆகாது என்பவர்களும் உண்டு. கண்டிப்பானவர்களென்றால் அந்த மாதம் கழிந்து போகலாம், அல்லது முழுக்கச் சைவமான கடையாகப் பார்த்துப் போகலாம்.

பேக்கரி பீட்சாவும் பெரிய கடைப் பீட்சாவும்

நம் பக்கத்துப் பேக்கரிகளில் பீட்சா என்று விற்பதைப் பல குழந்தைகள் ஏற்கெனவே சாப்பிட்டிருக்கும். முன்கூட்டியே சுட்டுவைத்த ரொட்டியின் மேல் சாஸும் மயோனைஸும் ஊற்றிச் சூடு பண்ணித் தருவார்கள். அதுவும் ஒரு தின்பண்டம், குறை சொல்வதற்கில்லை. விலையும் குறைவு. பெரிய கடையில் மாவே நம் ஆர்டருக்குப் பிறகுதான் ஓவனுக்குள் போகும். பதினைந்து இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

பீட்சா ஹட் இந்தியாவில் முதல் கடை திறந்தது 1996-ல், பெங்களூரில். டொமினோஸ் அதே வருடம் டெல்லியில் தொடங்கியது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்தான். ஆனாலும் அப்போது எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் அந்தப் பேரைக்கூடக் கேட்டதில்லை. ஓசூர்வரை வேலைக்குப் போய்வந்தவர்கள்தான் முதலில் அட்டைப் பெட்டியோடு ஊருக்குள் வந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் கடை எந்த வகை என்று பாருங்கள். கவுண்டருக்கு மேலே விலைப் பலகை தொங்கி, அதற்கு முன்னால் ஆட்கள் நின்றால் அங்கேயே போய் ஆர்டர் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். மேசை மேல் மெனு அட்டை இருந்தால் உட்காரலாம், ஆள் வருவார். தெரியவில்லை என்றால் "இங்கே வந்து சொல்லணுமா, டேபிளுக்கே வருவீங்களா?" என்று வாசலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இருபது நிமிடம் ஆனது.

ஆர்டர் கொடுப்பது

இங்கேதான் பணமும் போகும், மானமும் போகும். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அளவு. சின்னது, மீடியம், பெரியது என்று இருக்கும். பெரும்பாலும் சின்னது 7 அங்குலம், மீடியம் 10, பெரியது 12 அங்குலத்துக்குப் பக்கத்தில். இது குறுக்களவு. ஏழுக்கும் பத்துக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. வட்டமாக இருப்பதால் அந்த எண்ணை அதாலேயே பெருக்கிப் பாருங்கள். ஏழேழு நாற்பத்தொன்பது, பத்துப்பத்து நூறு, பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு. அதாவது ஒரு மீடியம் இரண்டு சின்னதுக்குச் சமம். பெரியது கிட்டத்தட்ட மூன்று சின்னதுக்குச் சமம். இரண்டு சின்னதின் விலையைவிட மீடியம் விலை குறைவாக இருந்தால் மீடியம் வாங்குங்கள். கவுண்டரில் நின்றபடி மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

அடுத்தது எத்தனை. சின்னதை நாலாகவும், மீடியத்தை ஆறாகவும், பெரியதை எட்டாகவும் வெட்டுவது பொதுவான வழக்கம். எங்கள் ஏழு பேருக்கு இப்போதைய கணக்கு: பெரியவர்கள் இருவருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு, மற்ற மூன்று பேருக்கும் மும்மூன்று. பதினேழு துண்டு. மூன்று மீடியம் போதும். அதிலும் மூன்றையும் ஒன்றாகச் சொல்வதில்லை. முதலில் இரண்டு, கூட ஒரு பூண்டு பிரெட். இரண்டாவது பீட்சா பாதி தீரும்போது மூன்றாவதைச் சொன்னால் சுடச்சுட வரும். தேவையில்லை என்று தோன்றினால் சொல்லாமலே விட்டுவிடலாம்.

அடி மாவில் இரண்டு மூன்று வகை சொல்வார்கள். தடிமனாக, பஞ்சு மாதிரி இருப்பது ஒன்று. அது பல் போனவர்களுக்கு நல்லது, ஓரத்தை மட்டும் விட்டுவிடலாம். மெல்லியது நிப்பட்டு மாதிரி மொறுமொறுவென்று இருக்கும், வயிற்றைப் போட்டு அழுத்தாது. ஓரத்துக்குள்ளேயும் சீஸ் வைத்தது ஒன்று உண்டு. அதற்குத் தனியாகக் காசு, பிள்ளைகள் கேட்கும், முதல்முறை வேண்டாம்.

மேலே என்ன போடுவது? முதல்முறை போகிறவர்கள் ஒன்று மார்கரீட்டா சொல்லுங்கள். சாஸும் சீஸும் மட்டும்தான் இருக்கும், விலையும் பெரும்பாலும் அதற்குத்தான் குறைவு. 1889-ல் நேப்பிள்ஸ் நகருக்கு வந்த இத்தாலிய ராணி மார்கரீட்டாவுக்குச் செய்து கொடுத்ததால் அந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. தக்காளிச் சிவப்பு, சீஸ் வெள்ளை, மேலே பச்சை இலை, அவர்கள் நாட்டுக் கொடி நிறம். கதை எவ்வளவு உண்மையோ, அந்தப் பச்சை இலை நம் திருநீற்றுப்பச்சிலைதான். நம் ஊர்க் கடைகளில் அந்த இலை மேலே கிடந்து நான் பார்த்ததில்லை. காரமும் காயும் கேட்கும் நாக்குக்கு மார்கரீட்டா சப்பென்றிருக்கும், அதனால் இரண்டாவதாக வெங்காயம், குடைமிளகாய், பன்னீர் போட்டதாக ஒன்று சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முழுதாகக் காலியாவது அதுதான். மாமனார் ஒரு குடைமிளகாய்த் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தளி, கெலமங்கலம் பக்கம் கூடாரம் போட்டு வளக்கறாங்களே, அதுதானே" என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார். ராயக்கோட்டை மண்டிக்கு வருடக்கணக்கில் தக்காளி ஏற்றியவர். சாஸைத் தனியாக நக்கிப் பார்த்து "சர்க்கரை போட்டிருக்கான்" என்று தீர்ப்பும் சொன்னார்.

ஆலிவ் என்று கருப்பு வளையமாக ஒன்று இருக்கும். பார்க்க நாவல்பழத் தோல் மாதிரி, திராட்சை மாதிரி இருக்கும். இனிக்கும் என்று நினைத்து வாயில் போட்டால் உப்புநீரில் ஊறிய ஒரு துவர்ப்பு. பிடிக்கப் பழக வேண்டும். "ஆலிவ் வேண்டாம்" என்று சொன்னால் பெரும்பாலும் போடாமலே தருவார்கள். ஹாலபீனோ என்பது ஊறவைத்த பச்சைமிளகாய். நம் ஆட்களுக்கு அது காரமே இல்லை.

சைவத்துக்குப் பச்சை அடையாளம் மெனுவில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் வாங்குகிறீர்கள் என்றால் வெட்டும் கத்தியைத் தனியாக வைக்கச் சொல்லி ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், அவர்களுக்கு இது பழகிய கேள்விதான்.

ஆஃபரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். முதல்முறை நாங்கள் போனது "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற பலகையைப் பார்த்துத்தான். நாலு மீடியம் சொல்லி, இரண்டுக்குத்தான் காசு என்று நினைத்திருந்தோம். பில் வந்தபோதுதான் அது பார்சலுக்கு மட்டும் என்று சொன்னார்கள். பலகையிலும் எழுதியிருந்ததாம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். அதனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி: இன்றைக்கு உண்டா, இங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் உண்டா, நான் சொன்ன அளவுக்கு உண்டா. கடையின் ஆப்பில் வேறு விலை காட்டுவதும் நடக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோன் நம்பர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. நான் கொடுத்துவிட்டு ஒரு வருடமாகக் குறுஞ்செய்தி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பில்லில் பார்க்க வேண்டியது

சுருக்கமாகச் சொன்னால் போதும். பல கடைகளில் பலகை விலை வரி சேராதது. அதன் மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம் வரும், பில்லில் இரண்டரை இரண்டரையாகப் பிரித்திருப்பார்கள். 600 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 630. சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலே நீட்டுவார்கள், சாதாரணக் குடிதண்ணீர் கேட்டு வாங்குங்கள்.

மேசைக்கு வந்த பிறகு

வந்தவுடன் கை வைக்காதீர்கள். சாஸின் மேல் சீஸ் மூடி போட்ட மாதிரி படிந்திருப்பதால் உள்ளே இருக்கும் சூடு லேசில் வெளியேறாது. மேலே தொட்டால் ஆறிவிட்டது போல இருக்கும், கடித்தால் மேலண்ணத்தில் ஒட்டிப் பொசுக்கிவிடும். எங்கள் சின்னவன் இரண்டு நாள் கஞ்சி குடித்தான். இரண்டு மூன்று நிமிடம் விட்டால் போதும்.

ரொம்பவும் ஆறவிட்டாலும் வீண். மொசரெல்லா என்கிற சீஸைச் செய்யும்போதே பால் திரைந்து வந்த கட்டியைச் சுடுதண்ணீரில் போட்டுப் பிசைந்து பிசைந்து இழுப்பார்கள், பரோட்டா மாஸ்டர் மாவை இழுக்கிற மாதிரி. அதில் நார் நாராக ஒரு கட்டுமானம் உண்டாகிவிடுகிறது. சூட்டில் அதுதான் நூலாக நீள்கிறது. ஆறினால் அதே சீஸ் ரப்பர். நூல் வரும்போது பதறாதீர்கள். துண்டைத் தட்டுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு விரலால் ஒரு சுற்று சுற்றினால் அறுந்துவிடும். அத்தை முதல் துண்டைத் தூக்கியபோது நூல் முழங்கை நீளம் வந்துவிட்டது. அவர் கையை உயர்த்த உயர்த்த அதுவும் கூடவே வந்தது. கடைசியில் எழுந்தே நின்றுவிட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையும் சேர்ந்துகொண்டது, அவருக்கும் சிரிப்புத்தான்.

கத்தியும் முள்கரண்டியும் வைத்திருப்பார்கள். தேவையில்லை. கையைக் கழுவிவிட்டு, துண்டின் ஓரத்தைப் பிடித்து, முனையை லேசாக மடித்து, முனையிலிருந்து கடித்து வாருங்கள். மடித்தால் மேலே இருக்கும் காய் மடியில் விழாது.

கூடவே சின்னச் சின்னப் பொட்டலங்கள் தருவார்கள். சிவப்பு, மிளகாய் விதையோடு இடித்தது. பச்சை, ஓரிகானோ. அத்தை அதைப் பிரித்து முகர்ந்துவிட்டு, "இது கற்பூரவள்ளி வாசனையாச்சே, சளி மருந்த எதுக்குத் தூவறாங்க?" என்றார். அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே துளசிக் குடும்பம், வாசனை தரும் பொருளும் ஒன்றுதான். பெரியவர்களுக்குப் பீட்சா சப்பென்று தோன்றினால் இந்த இரண்டையும் தாராளமாகத் தூவிக் கொடுங்கள். "தொட்டுக்க ஒண்ணும் இல்லியா?" என்ற கேள்வி பாதி அடங்கிவிடும். மீதிப் பாதிக்குத் தக்காளி சாஸ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மிச்சம் இருந்தால்

கட்டாயம் பெட்டி கேட்டு வாங்குங்கள், காசு கொடுத்தது. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், இரவு முழுக்க வெளியே கிடக்க வேண்டாம்.

மறுநாள் சூடு பண்ண ஓவன் எதுவும் தேவையில்லை, தோசைக்கல் இருக்கிறது. எண்ணெய் வேண்டாம். கல்லைச் சிறு தீயில் காயவைத்துத் துண்டுகளை அடுக்குங்கள். இரண்டு நிமிடத்தில் அடிப்பக்கம் மொறுமொறுப்பாகும். அப்போது கல்லின் ஓரத்தில், பீட்சா மேல் படாமல், நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து உடனே மூடி போட்டுவிடுங்கள். அந்த ஆவியில் மேலே சீஸ் மறுபடி இளகும். ஒரு நிமிடம் கழித்து எடுத்தால் கடையில் வந்ததைவிட அடி முறுவலாக இருக்கும். எங்கள் வீட்டில் இதை இப்போது அத்தைதான் செய்கிறார், நான் பக்கத்தில் போனால் தீயைக் கூட்டிவிடுவேன் என்று விடுவதில்லை. தனக்கு எடுத்த துண்டுக்கு மட்டும் பக்கத்தில் வேர்க்கடலைச் சட்னி வைத்துக்கொள்கிறார்.